மின்னேரியாவில் யானைகள் கூடுவது ஏன்?

வகுப்புடன் தேசிய பூங்காவுக்குச் சுற்றுலா சென்று வந்தபின், "யானைகளைக் கண்டோம், மகிழ்ந்தோம்" என்று மட்டும் எழுதினால் அது விளக்கக் கட்டுரை ஆகாது. கண்ட காட்சிக்கான காரணத்தையும் கூற வேண்டும். இதற்கு மின்னேரியாவை உதாரணமாகக் கொள்வோம்.

அமைவிடம்

மின்னேரியா தேசிய பூங்கா பொலனறுவை மாவட்டத்தில், உலர் வலயத்தில் அமைந்துள்ளது. 1997 இல் தேசிய பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அங்குள்ள குளம் மகாசேன மன்னன் காலத்தில் கட்டப்பட்டது. வயலுக்கு நீர் பாய்ச்சக் கட்டிய குளமே யானைகளுக்கும் உணவளிக்கிறது.

காரணம்

மழைக்காலத்தில் குளம் நிறைந்திருக்கும். யூலை முதல் ஒக்டோபர் வரையான வறண்ட காலத்தில் சிறு நீர்நிலைகள் வற்றிவிடும். மின்னேரியாக் குளத்து நீரும் வயல்களுக்குத் திறந்துவிடப்படுவதால் குறையும். நீர் வற்றிய ஈரநிலத்தில் இளம்புல் முளைக்கும். வளர்ந்த யானை ஒரு நாளில் ஏறத்தாழ 150 கிலோகிராம் வரை உண்ணும். ஆகவே சுற்றுக் காடுகளிலிருந்து யானைகள் இங்கே வந்து கூடுகின்றன. ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் 200 இற்கும் மேற்பட்ட யானைகள் கூடிய ஆண்டுகளும் உண்டு.

"நீர் அருந்தவே வருகின்றன" என்று பலர் எழுதுவர். அது பாதி விடை மட்டுமே. புல்லையும் சேர்த்து எழுதுங்கள்.

அவதானிக்க வேண்டியவை

1. கூட்டத்தை வழிநடத்துவது மூத்த பெண் யானை. வளர்ந்த ஆண் யானைகள் பெரும்பாலும் தனித்துத் திரியும்.
2. குட்டிகள் பெரிய யானைகளின் நடுவே நடக்கும். இது பாதுகாப்புக்காகும்.
3. ஆண் யானைகளிலும் மிகச் சிலவற்றுக்கே தந்தம் உண்டு.

ஜீப்பிலிருந்து இறங்காதீர்கள், கூச்சலிடாதீர்கள். வாகனங்கள் நெருங்கிச் சூழ்ந்தால் யானைகள் மேய்வதை நிறுத்திக் காட்டுக்குள் சென்றுவிடும். நாம் காணச் சென்றதை நாமே கலைத்துவிடக் கூடாது.

இன்றைய பிரச்சினை

மொரகஹகந்த நீர்த்தேக்கம் 2018 இல் திறக்கப்பட்டது. அதன்பின், வறண்ட காலத்திலும் மின்னேரியாவின் நீர்மட்டம் உயர்ந்திருந்த ஆண்டுகளில் புல்வெளி மூழ்கியது. யானைகளின் வருகையும் குறைந்தது. விவசாயிக்கு நீர் வேண்டும். யானைக்குப் புல் வேண்டும். புல் கிடைக்காத யானை பயிரைத் தேடிப் போகும். அங்கே மனித உயிரும் போகலாம், யானையின் உயிரும் போகலாம். எனவே நீரை எப்போது, எவ்வளவு திறப்பது என்பதை இரு சாராரின் தேவையையும் கருதியே தீர்மானிக்க வேண்டும். உங்கள் கட்டுரையின் முடிவுரையில் இக்கருத்து இடம்பெறட்டும்.

பயிற்சி

"குளத்து நீர் வற்றுவதும் ஒரு நன்மையே." மின்னேரியாவை ஆதாரமாகக் கொண்டு இக்கூற்றை விளக்குக.