ஒடிந்த இடுப்பும் ராஜிப் பத்திரமும்

காஞ்சீபுரம் ஜில்லாவில், ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே, வல்லம் வடகால் என்றொரு கிராமம் இருக்கிறது. ஏரிகளும் வயல்களும் சூழ்ந்த அப்பிரதேசம் இன்று சிப்காட் தொழிற்பேட்டை. ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை 2017-இல் அங்கு வேலையைத் துவக்கிற்று. 2024 ஆகஸ்டு 17-இல் முதல் மந்திரி ஸ்ரீ மு. க. ஸ்டாலின் அங்கே தொழிலாளருக்கென 706 கோடியே 50 லட்சம் ரூபாய்ச் செலவில் கட்டப்பெற்ற பெரிய விடுதியைத் திறந்து வைத்தார். அதில் 18,720 பேர் தங்கலாம். உழைப்பவர் உறங்குவதற்கு இடம் கிடைத்தது நன்றே. அதைக் குறைகூற நாம் வரவில்லை. அந்த விடுதியிலிருந்தோ, சுற்றுப்புறத்து வாடகை அறைகளிலிருந்தோ காலையில் நடந்து சென்ற தொழிலாளி, மாலையில் இடுப்பொடிந்து திரும்பினால் அவன் கதி என்ன என்பதே நாம் கேட்கும் கேள்வி.

விரல் போனால் உலகத்தார் காண்கின்றனர், எண்ணிச் சொல்லலாம். இடுப்பு மூட்டின் கேடு அத்தகையதன்று. சாரத்திலிருந்து விழுந்தவனுக்கும், பாரம் தூக்கும் வண்டி இடித்தவனுக்கும் தொடை எலும்பின் கழுத்து முறிகிறது, அல்லது மூட்டு பிசகுகிறது. ஆணி வைத்துப் பிணைத்து அனுப்புகிறார்கள். மூன்று மாதத்தில் கோலூன்றி நடக்கிறான், 'குணமாகிவிட்டது' என்கிறார்கள். ஆனால் எலும்பு முறிகையில் அதன் தலைக்கு ரத்தம் கொண்டு செல்லும் நுண்ணிய நாளங்கள் அறுந்து போயிருக்கலாம். ரத்தமற்ற எலும்பு உடனே நொறுங்குவதில்லை. ஒரு வருஷமோ, இரண்டு வருஷமோ கழித்து உள்ளுக்குள் சரிந்து போகிறது. பிறகு செயற்கை மூட்டு வைக்க வேண்டியதாகிறது. வைத்தபின் குந்தி உட்காராதே, சம்மணமிடாதே, பளு தூக்காதே என்று வைத்தியர் எச்சரிக்கிறார். நாற்காலியில் அமர்ந்து கையெழுத்திடும் நம் போன்றோருக்கு அது ஓர் அசௌகரியம். தரையில் அமர்ந்து உண்டு, குந்தி வேலை செய்து பிழைப்பவனுக்கோ அது ஜீவனத்தின் முடிவு.

இந்த மூன்றாம் மாதத்துக்கும் இரண்டாம் வருஷத்துக்கும் இடைப்பட்ட காலத்திலேதான் ராஜிப் பத்திரம் வந்து சேருகிறது. கொண்டு வருபவர் பெரும்பாலும் ஆலை முதலாளி அல்லர். ஆள் கொடுத்த கண்டிராக்டரின் குமாஸ்தா. ஆஸ்பத்திரிச் செலவைக் கழித்துக்கொண்டோம், மீதிக்கு இதைப் பெற்றுக்கொள், இனி எவ்வித உரிமையும் கோருவதில்லை என்று எழுதிக் கொடு என்கிறார். தொழிலாளி பீஹாரிலிருந்தோ ஒரிஸ்ஸாவிலிருந்தோ வந்தவனாயின் அந்தப் பத்திரத்தின் பாஷையே அவனுக்கு விளங்குவதில்லை. ஊருக்குப் போக ரயில் செலவு வேண்டும். கையொப்பமிட்டு விடுகிறான்.

இந்தப் பத்திரத்துக்குச் சட்டத்தில் என்ன மதிப்பு? நமது தொழிலாளர் ஊழியர்கள் நன்கு தெரிந்துகொள்ள வேண்டியது இதுவேயாகும்.

ஜெர்மனியில் பிஸ்மார்க் 1884-லேயே விபத்துக் காப்புறுதியை ஏற்படுத்தினார். இங்கிலாந்து 1897-இல் நஷ்டஈட்டுச் சட்டம் இயற்றிற்று. சென்னையில் ஸ்ரீ வாடியாவும் ஸ்ரீ திரு. வி. கல்யாணசுந்தர முதலியாரும் ஆலைத் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டியது 1918-இல். இந்தியாவுக்குத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது 1923-இல். அமுலுக்கு வந்தது 1924 ஜூலை 1-இல். அன்று மரணத்துக்கு உச்சவரம்பு 2,500 ரூபாய். முற்றிலும் உழைக்க இயலாதவனுக்கு 3,500. வெள்ளைக்கார சர்க்காரின் தாராளம் அவ்வளவுதான்! பலமுறை திருத்தம் பெற்ற அச்சட்டம் நூறு வருஷங்களுக்கு மேல் நிலவி, 2025 நவம்பர் 21-இல் சமூகப் பாதுகாப்புக் கோவைக்கு இடம் விட்டு விலகிற்று. ஆயினும் அத்தேதிக்கு முன் நேர்ந்த விபத்துக்களின் உரிமைகள் பழைய சட்டத்தையே சார்ந்தவை. புதிய கோவையும் அதன் அமைப்பைப் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறது.

பழைய சட்டத்தின் முதல் அட்டவணையைப் புரட்டினால் ஒரு விசித்திரம் தென்படும். இடுப்போடு காலை வெட்டி எடுத்தால் நூற்றுக்கு 90 பங்கு சம்பாதிக்கும் சக்தி இழப்பு; இடுப்புக்குக் கீழே குறுகிய தண்டு மிஞ்சினால் 80; தொடையின் நடுப்பகுதிவரை மிஞ்சினால் 70. கால் போனவனுக்குக் கணக்கு எழுதிவைத்திருக்கிறார்கள். கால் இருந்தும் மூட்டு செத்தவனுக்கு அட்டவணையில் ஒரு வரியும் கிடையாது. அவன் விஷயத்தில் தகுதிபெற்ற வைத்தியர் மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும். ஆகவே முழு வழக்கும் ஒரு வைத்தியரின் பேனா முனையில் நிற்கிறது.

தொகையைக் கணக்கிட்டுப் பார்த்தால் இதன் கனம் புரியும். 2020 ஜனவரி 3 முதல் பழைய சட்டப்படி கணக்கில் கொள்ளப்பட்ட மாதக்கூலியின் உச்சவரம்பு 15,000 ரூபாய். அதற்கு மேல் எவ்வளவு வாங்கினாலும் 15,000 வாங்கியதாகவே பாவிக்கப்படும். முற்றிலும் உழைக்க இயலாதவனுக்கு அதில் நூற்றுக்கு 60, அதாவது 9,000 ரூபாய். அதை வயதுக்கேற்ற எண்ணால் பெருக்க வேண்டும். முப்பது வயதினனுக்கு அந்த எண் 207.98. ஆக மொத்தம் 18,71,820 ரூபாய். வைத்தியர் 30 சதவிகித இழப்பு என்று எழுதினால் 5,61,546 ரூபாய். 60 என்று எழுதினால் 11,23,092. கண்டிராக்டரின் குமாஸ்தா கொண்டுவரும் தொகையை நேயர்கள் இந்த எண்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்களாக.

வைத்தியர்கள் சாதாரணமாக அங்கத்தின் ஊனத்தைச் சொல்வார்கள். சட்டம் கேட்பதோ சம்பாதிக்கும் சக்தியின் இழப்பை. இரண்டும் ஒன்றல்ல. சுப்ரீம் கோர்ட்டார் 1975 டிசம்பரில் பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் இதைத் தெளிவாக்கினர். விழுந்து இடக்கையை முழங்கையோடு இழந்த ஒரு தச்சனுக்கு, ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாதென்ற காரணத்தால், முழு இழப்பென்றே தீர்மானித்தது சரியென்றனர். நஷ்டஈடு விபத்து நேர்ந்த அன்றே கடமையாகிறது, தீர்ப்பு வரும் நாளில் அல்லவென்பதும் அவ்வழக்கிலேதான் உறுதியாயிற்று. 2008-இல் கால் இழந்த ஒரு டாங்கி லாரி டிரைவருக்கும் நூற்றுக்கு நூறு என்று அதே கோர்ட்டார் கூறினர். ஆதலால் இடுப்பு மூட்டு கெட்ட பாரம் தூக்குபவன் விஷயத்தில், 'மூட்டின் அசைவு எவ்வளவு குறைந்தது?' என்பதோடு வைத்தியரை விட்டுவிடலாகாது. 'இவன் செய்துவந்த வேலையை இனிச் செய்வானா?' என்று கேட்க வேண்டும்.

ராஜிக்கு வருவோம். முதலாளியும் தொழிலாளியும் தொகை பேசி முடிப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அந்த உடன்படிக்கையை முதலாளி நஷ்டஈட்டுக் கமிஷனருக்கு அனுப்பிப் பதிவு செய்ய வேண்டும். கமிஷனர் இரு தரத்தாருக்கும் தகவல் அனுப்பி, ஏழு நாள் கழிந்த பின்னரே பதிவு செய்யலாம். தொகை போதாதென்றோ, மோசடியாலும் தகாத நிர்ப்பந்தத்தாலும் பெற்றதென்றோ கண்டால் பதிவை மறுக்கலாம். பதிவு செய்யப்படாத ராஜி முதலாளியைக் காப்பாற்றாது: சட்டப்படியான முழுத் தொகைக்கும் அவர் பொறுப்பாளி, கமிஷனர் வேறுவிதமாகக் கட்டளையிட்டாலொழிய, முன்பு கொடுத்ததில் பாதிக்கு மேல் கழித்துக்கொள்ளவும் முடியாது. உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதிய ஒப்பந்தமே செல்லாது. வைத்தியத்துக்காக முதலாளி கொடுத்த பணம் நஷ்டஈட்டில் சேர்ந்ததாகாது. எனவே 'ஆஸ்பத்திரிச் செலவு போக' என்ற அந்த வாசகமே சட்டவிரோதம். புதிய கோவையில் கமிஷனருக்குப் பதில் 'தகுதியுள்ள அதிகாரி' என்ற பெயர் வந்திருக்கிறது. பதிவு முறை கைவிடப்படவில்லை.

அவசரப்பட்டு முழுத் தொகைக்கு ராஜி ஆகாமலிருப்பதற்கும் சட்டம் வழி வைத்தது. எலும்பு இன்னும் ஆறாத காலத்தில் பதினைந்து நாளுக்கொருமுறை மாதக்கூலியில் கால் பங்கைப் பெறலாம். உச்சவரம்புக் கூலிக்கு அது 3,750 ரூபாய். உடல்நிலை மாறினால் இந்தத் தவணையை மறுபரிசீலனை செய்யும்படி கேட்கலாம். மொத்தமாகப் பெற்றுப் பதிவான தொகைக்கு அந்த வசதி இல்லை. நாளை சரியப்போகும் எலும்பை இன்று விற்றுவிட்டவன் மறுபடி எங்கே போவான்? ஆனால் விபத்திலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மனுப்போட வேண்டுமென்ற கெடுவையும் மறந்துவிடலாகாது. தக்க காரணம் காட்டினால் தாமதம் மன்னிக்கப்படுமெனினும், அதை நம்பித் தூங்குவது விவேகமன்று.

'அவன் எங்கள் ஆளல்லன், கண்டிராக்டரின் ஆள்' என்ற பதில் சட்டத்தில் எடுபடாது. தன் தொழிலின் ஒரு பகுதியைக் கண்டிராக்டரிடம் விட்டவர், தன் நேர்ப் பணியாளருக்குக் கொடுப்பது போலவே கொடுத்துவிட்டு, பின்னர் கண்டிராக்டரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். இ.எஸ்.ஐ.யில் சேர்ந்தவர்களின் நிலை வேறு. அவர்கள் முதலாளியிடம் இந்த நஷ்டஈட்டைக் கோர முடியாது. நிரந்தர ஊனத்துக்கு மெடிக்கல் போர்டின் மதிப்பீட்டுப்படி ஆயுள் பரியந்தம் மாதாமாதம் தொகை உண்டு. இளம் வயதில் இடுப்பிழந்தவனுக்கு அந்த மாதத் தொகையே மேலென்பது நமது அபிப்பிராயம். கடன்காரனும் மைத்துனனும் பங்கு கேட்டு ஒரே நாளில் கரைத்துவிடக்கூடிய பணம் அன்று அது. ஆகவே காயமடைந்தவனை முதன்முதல் கேட்க வேண்டியது, கூலியில் இ.எஸ்.ஐ. பிடித்தார்களா, நம்பர் கொடுத்தார்களா என்பதே. பிடித்தும் நம்பர் கொடுக்கவில்லையென்றால் அது முதலாளியின் குற்றமேயன்றித் தொழிலாளியின் உரிமைக்குப் பங்கமாகாது.

சாம்சங் தொழிலாளர் 2024-இல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்த சுங்குவார்சத்திரம் வல்லம் வடகாலுக்கு வெகு தூரமன்று. அக்கிளர்ச்சியில் உழைத்த ஊழியர்கள் அப்பகுதியில் இன்னும் இருக்கிறார்கள். விடுதி வாசல்களிலும் எலும்பு முறிவு வார்டுகளிலும் அவர்கள் தமிழிலும் ஹிந்தியிலும் ஒரியாவிலும் ஒரு துண்டுப் பிரசுரம் கொடுப்பார்களாயின், அதில் மூன்று வரி போதும்: விபத்தான நாளையும் இடத்தையும் கண்டவர் பெயரையும் அன்றே எழுதி வை, எக்ஸ்ரே படங்களை நீயே வைத்துக்கொள், பதிவு எண் இல்லாத எந்தப் பத்திரத்திலும் கையொப்பமிடாதே.