டூப்ளிகேட்னு தூக்கிப் போடாதீங்க!

ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோர்த்துப் பாருங்கள். ஊசி ஒரு பக்கம் நிற்கும், நூல் ஒரு பக்கம் போகும். 'கை நடுங்குது, வயசாச்சு!' என்று வீட்டில் கேலி செய்தால் நம்பாதீர்கள். நம் இரண்டு கண்களுக்கும் நடுவே சுமார் இரண்டரை அங்குல இடைவெளி. அதனால் இடது கண் பார்ப்பதும் வலது கண் பார்ப்பதும் ஒரே மாதிரி இருக்கும், ஆனால் ஒன்றல்ல. அந்தத் துளி வித்தியாசத்தை வைத்துத்தான் எது கிட்டே, எது எட்டே என்று மூளை கணக்குப் போடுகிறது.

இதை 1838-ல் நிரூபித்துக் காட்டியவர் இங்கிலாந்தின் சார்லஸ் வீட்ஸ்டன். ஒரே பொருளை இரண்டு கோணத்தில் வரைந்து, கண்ணுக்கு ஒன்றாகக் காட்டினார். தட்டைக் கோடுகள் 'டக்'கென்று எழுந்து நின்றன! அந்தக் கருவிதான் ஸ்டீரியோஸ்கோப். பிறகு டேவிட் ப்ரூஸ்டர் அதை லென்ஸ் வைத்த சின்னப் பெட்டியாக மாற்றினார். 1851 லண்டன் கண்காட்சியில் விக்டோரியா மகாராணிக்கே அது பிடித்துப் போக, வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது.

படங்கள் அட்டையிலும் வரும், கண்ணாடியிலும் வரும். கண்ணாடிதான் விசேஷம். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், இருட்டான இடத்தில்கூட விவரம் தெரியும். பிரான்சில் ஜூல் ரிஷார் 1893-ல் கொண்டுவந்த வெராஸ்கோப் கேமராவின் கண்ணாடித் தகடு 45க்கு 107 மில்லி மீட்டர்தான். அதற்குள் இரண்டு படம்!

"அதெல்லாம் சரி ஸார், திருச்சிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்கிறீர்களா? இருக்கிறது.

லினேயஸ் ட்ரைப் என்று ஒரு கேப்டன். மதராஸ் அரசாங்கத்தின் போட்டோகிராபர். 1857 கடைசியில் கிளம்பி மாட்டு வண்டிகளில் கேமராவும் ரசாயனமுமாகச் சுற்றினார். திருச்சி, ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், மதுரை, புதுக்கோட்டை என்று படம் எடுத்தார். பெரிய படங்களைத் தவிர, திருச்சி, தஞ்சை, அக்கம்பக்கம் என்று எழுபது இரட்டைப் படங்கள் கொண்ட தனி ஆல்பமே 1858-ல் வெளிவந்தது. நம் ரயில்வே ஜங்ஷனுக்கு முன்னாலேயே திருச்சிக்கு 'த்ரீ-டி' வந்துவிட்டது! ஆனால் 1859-ல் கவர்னராக வந்த ட்ரெவெல்யன், 'இது ஆடம்பரச் செலவு' என்று கணக்கை மூடச் சொல்லிவிட்டார்.

ட்ரைப் வந்தபோது ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் மொட்டையாக நின்றது. இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் 236 அடி கோபுரம் 1987-ல்தான் முழுசானது.

உண்மையில் இந்த வித்தைக்கு ஏற்ற இடமே நம் கோயில் மண்டபங்கள்தான். தூரத்து மலைக்கோட்டையை இரண்டு கண்ணும் அநேகமாக ஒன்றாகவே பார்க்கும். அதனால் இரட்டைப் படத்திலும் அது கொஞ்சம் சப்பென்றே இருக்கும். கிட்டே இருக்கிற தூண்கள்தான் ஒன்றை விட்டு ஒன்று விலகி நிற்கும். சேஷராயர் மண்டபத்துக் குதிரைகளைச் சாதாரண போட்டோவில் பாருங்கள். தூணோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். அதையே இரட்டைப் படமாக்கினால், முன்னங்காலைத் தூக்கி உங்கள் மூக்குக்கு நேரே பாயும்!

பி.காம். படித்தவனுக்கு இது உடனே புரியும். இரட்டைப் பதிவுக் கணக்கில் ஒரே தொகையைப் பற்றிலும் எழுதுவோம், வரவிலும் எழுதுவோம். 'ஏன்யா ரெண்டு தடவை?' என்று ஒன்றை அடித்தால் ஐந்தொகை காலி. இரட்டைப் படமும் அப்படித்தான். 'ரெண்டும் ஒண்ணுதானே' என்று நறுக்கி, ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டால் இரண்டு பேருக்கும் படம் கிடைக்கும். ஆழம் யாருக்கும் கிடைக்காது.

ட்ரைப் எடுத்த படங்கள் லண்டனில் பிரிட்டிஷ் லைப்ரரியிலும், விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்திலும் பத்திரமாக இருக்கின்றன. 2015-ல் அந்த மியூசியத்தில் கண்காட்சியே வைத்தார்கள். நம் வீட்டுப் பரண்களுக்கு அந்த யோகம் ஏது? போகிக்கு முந்தின நாள் தள்ளிவிட்டால் அட்டை நெருப்புக்கு, கண்ணாடி குப்பைக்கு.

எனவே தாத்தா பெட்டியில் ஒட்டிப் பிறந்த இரட்டைப் படம் ஏதாவது கிடைத்தால், தயவுசெய்து ஈரத் துணியால் துடைக்காதீர்கள். கண்ணாடியில் பளபளக்காத பக்கத்தில்தான் படம் இருக்கிறது; தண்ணீர் பட்டால் தாத்தாவே கரைந்துவிடுவார். ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள். நடுவே காகிதம் வைத்து, படுக்கப் போடாமல் நிறுத்தி வையுங்கள்.

பார்க்கக் கருவி இல்லையா? கவலை வேண்டாம். இரண்டு படத்துக்கும் நடுவே ஒரு கல்யாணப் பத்திரிகையைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் விளிம்பில் மூக்கை வையுங்கள். இடது கண் இடது படத்தை, வலது கண் வலது படத்தைப் பார்க்கட்டும். தூரத்தில் எதையோ பார்க்கிற மாதிரி சும்மா இருங்கள். முதலில் இரண்டு படம் தெரியும், அப்புறம் அவை நெருங்கி ஒன்றாகி மெல்ல எழுந்து நிற்கும்.

வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்!