பழைய அம்பாசிடர் வாங்கும்போது பார்க்க வேண்டியவை

சில ஆண்டுகளாக நம் உறுப்பினர்களிடையே பழைய கார் வாங்கும் ஆசை கூடியிருக்கிறது. அப்பா ஓட்டிய வண்டி போல ஒன்று வாசலில் நிற்க வேண்டும் என்பது ஒரு காரணம். "வாங்கிப் போட்டால் விலை ஏறும்" என்று தரகர்கள் சொல்லும் பேச்சு இன்னொரு காரணம். முதலாவதை நாம் குறை சொல்லவில்லை. இரண்டாவதை நம்பிக் கடையின் சுழல் பணத்தை எடுத்துக் காரில் போடுகிறவர்கள் சற்று நின்று யோசிக்க வேண்டும். பருப்பு மூட்டையை இன்று விற்று நாளை காசாக்கலாம். பழைய காரை நினைத்த நாளில் விற்க முடியாது.

நம் பக்கத்தில் அதிகம் கைமாறுவது அம்பாசிடர்தான். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் வடிவத்தில் 1950-களின் இறுதியில் வெளிவந்து, 2014 மே மாதம் மேற்கு வங்கம் உத்தர்பாரா ஆலையில் உற்பத்தி நின்றது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிய தயாரிப்பு என்பதால் உதிரி பாகத்துக்குப் பஞ்சமில்லை. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் புதுப்பேட்டையிலும் தேடினால் பெரும்பாலானவை கிடைத்துவிடும். பிரீமியர் பத்மினிக்கும் ஓரளவு கிடைக்கும். சென்னைக்கு அருகில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு அப்படியில்லை. பானட் முழுவதும் முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும் அழகான வண்டி, ஆனால் ஒரு கண்ணாடிக்கும் ஒரு விளக்குக்கும் மாதக்கணக்கில் அலைய நேரிடும். முதன்முதலாக வாங்குகிறவருக்கு அம்பாசிடரே ஏற்றது என்பது நம் கருத்து.

பாலிஷ் போட்ட துவரம்பருப்பைக் கண்டு நாம் ஏமாறுவதில்லை. கையில் எடுத்துத் தேய்த்துப் பார்க்கிறோம். மூட்டையில் குத்தூசி விட்டு நடுவிலிருந்து மாதிரி எடுக்கிறோம். ஆனால் கார் என்று வந்தால் புதுப் பெயின்ட்டைப் பார்த்தே அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறோம். பழைய வண்டியில் புதுப் பெயின்ட் ஒரு எச்சரிக்கை. அதன் கீழே எவ்வளவு பட்டி பூசியிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு சிறு காந்தம் போதும். மெல்லிய துணியில் சுற்றிக் கதவின் அடிப்பாகம், சக்கரத்தின் மேல்வளைவு, டிக்கியின் ஓரம் ஆகிய இடங்களில் வைத்துப் பாருங்கள். தகரம் இருக்கும் இடத்தில் ஒட்டும். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் நழுவி விழும்.

துரு விஷயத்தில் நாம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. லாரிக்கு இருப்பது போல அம்பாசிடருக்குத் தனியாகச் சேஸிஸ் கிடையாது. பாடிதான் எலும்பு. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் பகுதி, கால் வைக்கும் தரை, பின் பட்டை ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடம், இவை துருப்பிடித்துவிட்டால் வண்டியின் பலமே போயிற்று. விரிப்பை எடுக்கச் சொல்லுங்கள். எடுக்க மறுத்தால் அங்கேயே விடைபெறலாம். நான்கு கதவுகளையும் திறந்து மூடுங்கள். கதவு தொங்கினாலும், மூடும்போது தூக்கிப் பிடித்து மூட வேண்டியிருந்தாலும், கீழே உள்ள சில் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதில் நம்மவர் வண்டிகளுக்கென்று ஒரு தனி நோய் உண்டு. மளிகைக்காரர் வைத்திருந்த கார் என்றால் டிக்கியில் உப்பு மூட்டையும் வெல்லமும் ஏறியிருக்கும். சிந்திய உப்பும், கசிந்த வெல்லப் பாகும் ஈரத்தை இழுத்துத் தரையைத் தின்றுவிடும். பாரம் ஏற்றி ஏற்றிப் பின்பக்கம் தாழ்ந்திருக்கும். சமதரையில் நிறுத்திப் பத்தடி தள்ளி நின்று பார்த்தாலே தெரியும். கடற்கரை ஊர்களில் ஓடிய வண்டியையும் இதே கண்ணோடு பாருங்கள்.

என்ஜினைப் பார்க்கப் போகும்போது, "நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று முன்பே சொல்லிவிட வேண்டும். போனதும் பானட்டின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் நமக்குக் காட்டக் கூடாத எதையோ முன்னரே சரிசெய்து வைத்திருக்கக்கூடும். ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது வரும் புகை பொய் சொல்லாது. நீலப்புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது, ரிங், வால்வு வேலை காத்திருக்கிறது. வெள்ளைப்புகை நிற்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது. கறுப்புப்புகை பெரும்பாலும் கார்புரேட்டர் கோளாறு, சிறு செலவோடு தீரும். ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறம் மோர் போல வெளுத்திருந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்கலாம். நன்றாகச் சூடேறிய பின், மெதுவாக ஓடும் நிலையில் ஆயில் விளக்கு மினுக்கினால் பேரிங் தேய்மானம் இருக்கலாம். இது பெரிய செலவு.

இன்னொன்று. இப்போது பங்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. பழைய ரப்பர் குழாய்களும் பெட்ரோல் பம்பின் டயஃபிரமும் இதைத் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல. வாங்கியவுடன் இவற்றை மாற்றிவிட வேண்டும். செலவு குறைவு, ஆனால் பெட்ரோல் கசிந்து தீப்பிடிக்கும் அபாயம் சிறியதல்ல.

பழைய வண்டிகளில் பெரும்பாலானவற்றின் என்ஜின் 1,489 சி.சி. பெட்ரோல் அல்லது டீசல். 1990-களில் 1,800 சி.சி. இசுசு என்ஜின் வண்டிகள் வந்தன. ஓட்டுவதற்கு இவையே சுகம். ஆனால் பழமையை விரும்புகிறவர்கள் ஸ்டியரிங்கில் கியர் உள்ள பழைய மார்க் வண்டிகளுக்குத்தான் கூடுதல் விலை தருகிறார்கள். நம் ஊர்களில் மெட்டடார் டீசல் என்ஜின் ஏற்றிய பெட்ரோல் அம்பாசிடர்கள் நிறைய உண்டு. அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாவிட்டால் புதுப்பிக்கும்போது ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டி நின்றுவிடும். என்ஜின் எண், சேஸிஸ் எண் இரண்டையும் டார்ச் அடித்து நீங்களே படியுங்கள். தட்டில் எண்ணைச் சுற்றிச் சுரண்டிய தடம் இருந்தால் அந்த வண்டி இனாமாக வந்தாலும் வேண்டாம்.

பதினைந்து ஆண்டு கடந்த வண்டியின் பதிவை ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். கட்டணம் 2022-லும் 2025-லும் கணிசமாக உயர்ந்தது, பசுமை வரி தனி. ஐம்பது ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாத வண்டிகளுக்கு 2021 விதிப்படி 'வி.ஏ.' எழுத்துகளுடன் விண்டேஜ் பதிவு பெறலாம். முதல் பதிவுக்கு 20,000 ரூபாய். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். தினமும் கடைக்கு ஓட்டிப்போக நினைப்பவருக்கு அது உதவாது.

இனி விலை. ஆண்டை வைத்து விலை சொல்வது தவறு. கணக்கு இப்படிப் போட வேண்டும். ஒரு ரூபாய் செலவில்லாமல் ஓட்டிப்போகும் நிலையிலுள்ள அதே ரக வண்டி உங்கள் வட்டாரத்தில் என்ன விலைக்குக் கைமாறுகிறது என்று நாலு இடத்தில் விசாரியுங்கள். கேட்ட விலை வேண்டாம், பணம் கைமாறிய விலை வேண்டும். கணக்குக்காக அதை 4,00,000 என்று வைத்துக்கொள்வோம். பார்க்கும் வண்டிக்கு டிங்கரிங், பெயின்ட் 90,000, என்ஜின் வேலை 45,000, டயர், பேட்டரி 25,000, சீட்டும் ஒயரிங்கும் 30,000, பதிவு, இன்சூரன்ஸ், பெயர் மாற்றம் 20,000 என்று பட்டறைக்காரர் கணக்குத் தருகிறார். மொத்தம் 2,10,000. பிரித்த பிறகுதான் தெரியும் வேலைகளுக்காக இதில் கால் பங்கு, அதாவது 52,500 சேர்த்தால் 2,62,500. நான்கு லட்சத்தில் கழித்தால் 1,37,500. இதுதான் நீங்கள் கொடுக்கத்தக்க விலை. உரிமையாளர் 3,25,000 கேட்டால் கோபப்பட வேண்டியதில்லை, இந்தத் தாளை அவரிடம் காட்டலாம். பெரும்பாலும், வேலை முடித்து நல்ல நிலையில் இருப்பதை முழு விலைக்கு வாங்குவதுதான் மலிவாக முடிகிறது.

விற்கும் பக்கத்தையும் சொல்ல வேண்டும். வணிகர் ஒருவர் காலமானால், ஷெட்டில் நிற்கும் காரை "இடத்தை அடைக்கிறது" என்று பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிடுவது அடிக்கடி நடக்கிறது. அம்பாசிடரின் எடை ஏறத்தாழ 1,100 கிலோ. அன்றைய இரும்பு விலையால் பெருக்கினால் வருவது அடிமட்ட விலை மட்டுமே. அந்த வீட்டு அம்மாவுக்கு மார்க்கெட் தெரியாது என்பதற்காக அந்த விலையைக் கேட்பது நம் தொழிலுக்கு அழகல்ல. எடை குறைத்துப் போடுவதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை.

கார் நிறுவனத்தின் பெயரில் இருந்தால் ஆடிட்டரைக் கேட்காமல் விற்காதீர்கள். தேய்மானம் எழுதிய வண்டியில், புத்தக மதிப்புக்கு மேல் கிடைக்கும் தொகைக்கு ஜி.எஸ்.டி. உண்டு. 2025 ஜனவரி முதல் எல்லாப் பழைய வண்டிகளுக்கும் 18 சதவீதம். முப்பது ஆண்டு வண்டியின் புத்தக மதிப்பு ஏறக்குறைய பூஜ்யம் என்பதால் விலை முழுவதற்குமே வரி வரும். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதற்கு 2017 முதல் தடை இருக்கிறது.

வண்டியை ஒப்படைத்ததும் படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு விற்றவர் கடமை முடிந்துவிடாது. பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், பதிவேட்டில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று உச்சநீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே வாங்குபவரிடம் ஒப்படைத்த நாள், மணி நேரம் எழுதிய ரசீதில் கையெழுத்து வாங்கி, பெயர் மாறிய ஆர்.சி.யின் நகல் கைக்கு வரும்வரை விலையில் ஒரு பகுதியை அட்வான்ஸ் போலத் தனியாக வைத்துக்கொண்டு, நகல் வந்ததும் திருப்பித் தருவதாகப் பேசிக்கொள்ளலாம். நம் ஊரில் சிலர் இப்படிச் செய்கிறார்கள். வாங்குபவரும் பெரும்பாலும் மாதத்துக்குள் மாற்றிவிடுகிறார்.