பழைய எந்திரத்திற்குப் புதிய எண்ணெய்

மாட்டு வண்டியின் அச்சிற்குக் கரிய மசகு இட்டு ஓட்டிய நாட்டினராகிய நமக்கு, உராயும் உறுப்புக்களுக்கு நெய்ப்பு வேண்டும் என்பதை எவரும் புதிதாய்க் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆயின், மோட்டார் வண்டி உடையார் பலரை இந்நாளில் ஓர் ஐயம் அலைக்கின்றது. இதுகாறும் கனிம எண்ணெய் வார்த்து ஓட்டிய வண்டிக்கு, விலையில் இருமடங்கோ அதனினும் மிக்கோ நிற்கும் செயற்கை எண்ணெயை வார்க்கலாமா? வார்த்தால் எந்திரம் ஒழுகத் தொடங்குமா? ஒருமுறை மாறியவர் பழையதற்கு மீளலாகாதா? செல்வர்க்கு இவை பொழுதுபோக்கு வினாக்களாய் இருக்கலாம். வாடகை வண்டி ஓட்டிக் குடும்பம் புரப்பவனுக்கோ, தேவையின்றி மாறினால் கைப்பொருள் இழப்பு. தேவையிருந்தும் மாறாவிடின் எந்திரமே இழப்பு. ஆகலின் இதனைச் சற்று ஆழ்ந்து நோக்குதல் தகும்.

எண்ணெய் என்னும் சொல் எள்ளின் நெய் என்று பொருள்பட்டுப் பிறந்தது. பின்னர்த் தேங்காயின் நெய்யும், ஆமணக்கின் நெய்யும், நிலத்தின் பயனாகிய மண்ணெண்ணெயும் அப்பெயரையே பெற்றன. இன்று ஆலையில் மூலக்கூறுகளைக் கோத்து ஆக்கிய பொருளையும் நாம் எண்ணெய் என்றே வழங்குகின்றோம். சொல் ஒன்றாயினும் பொருள் வேறு.

கனிம எண்ணெய் என்பது பூமியினின்று எடுத்த கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்து, மெழுகு முதலியவற்றை நீக்கிப் பெறுவது. எத்துணைத் தூய்மை செய்யினும் அதன் மூலக்கூறுகள் ஒரு தன்மையன அல்ல. சிறியனவும் பெரியனவும், உறுதியுடையனவும் அற்றனவும் விரவிக் கிடக்கும். சிறியன வெப்பத்தில் ஆவியாய்ப் போகும். எஞ்சிய மெழுகு குளிரில் உறையும். உறுதியற்றன காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடிக் கசடாகும். செயற்கை எண்ணெயிற் சிறந்த ஒருவகை வேறு வழியிற் பிறக்கின்றது. எதிலீன் என்னும் வாயுவினின்று பத்துக் கரியணுக்களையுடைய டெசீன் என்னும் பொருளை ஆக்கி, அதன் மூலக்கூறுகளில் மூன்று நான்கினை ஒன்றாய்ப் பிணைத்து, ஹைட்ரஜன் ஏற்றி முடிப்பர். ஆற்றிற் பொறுக்கிய கற்களால் எடுத்த சுவருக்கும், ஓரச்சில் அறுத்த செங்கல்லால் எடுத்த சுவருக்கும் உள்ள வேற்றுமையை ஈண்டுக் கருதுக.

எஸ்டர் என்பது மற்றொரு வகை. இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் செர்மானிய இரசாயன அறிஞர் ஹெர்மன் சோர்ன் இவ்வகையை விரிவாய் ஆராய்ந்தார்; போருக்குப் பின் ஜெட் விமானங்களின் எந்திரங்கள் இதனையே நம்பின. அவ்விமான எண்ணெய்களிற் சில செபாசிக் அமிலத்தினின்று ஆக்கப்பட்டன. அவ்வமிலமோ ஆமணக்கெண்ணெயினின்று கிடைப்பது. ஆமணக்கெண்ணெயையும் வைக்கோற் கரியையும் குழைத்து நம் பாட்டனார் அச்சிற்கு இட்ட மசகும், வானிற் பறக்கும் எந்திரத்தின் மசகும் ஒரு செடியின் வழி உறவினர் என்பது எமக்கு வியப்பளித்த செய்தி.

மோபில் நிறுவனம் 1974-இல் தன் செயற்கை எண்ணெயாகிய மோபில் 1-ஐ வெளியிட்டபின் இவ்வெண்ணெய் மோட்டார் வண்டி உடையாரிடைப் பரவலாயிற்று. நிற்க, செயற்கை என்னும் பெயரை மட்டும் கண்டு மயங்கலாகாது. கச்சா எண்ணெயை ஹைட்ரஜன் கொண்டு பெரிதும் மாற்றியமைத்த ஒன்றைக் காஸ்ட்ரால் நிறுவனத்தார் செயற்கை என்று விளம்பரம் செய்தனர். அது தகாது என மோபில் நிறுவனத்தார் முறையிட, அமெரிக்க நாட்டில் விளம்பரங்களை ஆராயும் அவை 1999-இல் காஸ்ட்ராலின் பக்கமே முடிவு கூறிற்று. இன்று கடைகளில் அப்பெயரோடு நிற்பனவற்றுட் பெரும்பாலன இவ்வகையினவே. முறையாய்ச் செய்யப்பட்டதாயின் அதுவும் நல்ல எண்ணெயே. (நல்லெண்ணெய் என்று சேர்த்தெழுதின் மீண்டும் எள்ளிற்கே சென்றுவிடுவோம்!)

புட்டியின்மேல் 5டபிள்யூ-30 என்றாற்போல எழுதியிருப்பது எண்ணெயின் தடிப்பைக் குறிக்கும் அளவு. டபிள்யூ குளிர்காலத்தின் அடையாளம். அதன் முன்னுள்ள எண் சிறுத்தால் கடுங்குளிரிலும் எண்ணெய் எளிதின் ஓடும். பின்னுள்ள எண் 100 டிகிரி சென்டிகிரேட் வெப்பத்தில் அதன் தடிப்பைக் காட்டும். 5டபிள்யூ எண்ணெய் உறைநிலைக்குக் கீழ் 35 டிகிரியிலும் பம்பினால் இழுக்கப்படுதல் வேண்டும். கனடாவில் வாழ்வார்க்கு இஃது உயிர்நிலை போன்றது. மதுரையிலும் நெல்லையிலும் அத்தகைய குளிரைக் கனவினும் கண்டிலோம். ஆகவே, குளிர்நாட்டார் செயற்கை எண்ணெயைப் புகழும் காரணங்கள் அனைத்தும் நமக்குப் பொருந்தும் என்று கொள்ளுதல் தவறு.

நமக்கு அது பயன்படும் இடம் வெப்பமே. சித்திரை வெயிலில், குளிர்சாதனம் ஓட, நகரத்து நெரிசலில் ஊர்ந்து நிற்கும் வண்டியின் எந்திரம் படும் பாடு பெரிது. டர்போ பொருத்திய எந்திரத்தில், நிமிடத்திற்கு இலட்சம் சுற்றுக்களுக்கு மேற் சுழலும் தண்டினை மெல்லிய எண்ணெய்ப் படலமே தாங்குகின்றது. வண்டியை நிறுத்தியவுடன் அங்குத் தங்கிய எண்ணெய் வெந்து கரியாகும். இத்தகைய எந்திரங்களிலும், 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய எண்ணெயை வேண்டும் புதிய எந்திரங்களிலும், மாறலாமா என்னும் வினாவிற்கே இடமில்லை. கையேடு கூறுவதை வார்த்தலே வழி.

பழைய எந்திரமே ஆராய்ச்சிக்கு உரியது. பழந்துருத்தியிற் புது இரசம் வார்த்தலைப் பற்றிய சுவிசேஷ உவமை நம்மிற் பலர்க்கு நினைவு வரும். எந்திரத்தின் செய்தியில் அவ்வுவமை பாதி பொருந்தும், பாதி பொருந்தாது. தொடக்கக் காலத்துச் செயற்கை எண்ணெய்கள் ரப்பர் வளையங்களைச் சுருங்கச் செய்து கசிவை விளைத்தது உண்மை. இப்பொழுது எஸ்டர் முதலியன கலந்து அக்குறையை நீக்கியுள்ளனர். எனினும் பல்லாண்டுக் கசடு படிந்த எந்திரத்தில், இற்றுப்போன வளையத்தின் வெடிப்பை அக்கசடே அடைத்துக்கொண்டிருத்தல் கூடும். புதிய எண்ணெய் அதனை மெல்லக் கரைத்து நீக்கியபின் துளி விழக் காண்கின்றோம். எண்ணெய் ஓட்டையை உண்டாக்கவில்லை, இருந்ததை வெளிப்படுத்திற்று. ஆயினும் வண்டியுடையார்க்கு வளையம் மாற்றும் செலவு வந்தே தீரும்.

2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசடர் வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் பழைய 1489 சி.சி. பெட்ரோல் எந்திரத்தின் மூடிகளுக்குத் தக்கையாலான பேக்கிங்கே இட்டிருப்பர். தடித்த எண்ணெயை எண்ணி வகுத்த அவ்வெந்திரத்தில், விலையுயர்ந்தது என்பதற்காக 5டபிள்யூ-30 வார்ப்பது பேதைமை. 20டபிள்யூ-50 தடிப்புள்ள நல்ல கனிம எண்ணெயை உரிய காலத்தில் மாற்றி வருதலே அதற்குப் போதியது. இவ்வகை வண்டிகளுக்குச் செயற்கை எண்ணெயை வற்புறுத்தும் கடைக்காரர் சொல்லை ஏற்க யாம் உடன்படோம்.

ஒருமுறை மாறினால் மீளலாகாது என்பது வெறும் அச்சம். தர முத்திரை பெற்ற எந்திர எண்ணெய்கள் ஒன்றோடொன்று கலத்தல் வேண்டும் என்பது அம்முத்திரைக்குரிய விதிகளுள் ஒன்று. பாதிச் செயற்கை என்று விற்கப்படுவது இரண்டின் கலவையே அன்றோ? வழியில் அளவு குறைந்தால், அதே தடிப்புள்ள கனிம எண்ணெயை ஊற்றிக்கொண்டு ஊர் வந்து சேரலாம். பயன் சிறிது குறையுமேயன்றித் தீங்கு விளையாது.

மாற எண்ணியவர், முதற்கண் எந்திரத்தின் அடியிற் கசிவு உண்டா என்று பார்த்து, இருப்பின் அதனைச் சீர்செய்தல் வேண்டும். எந்திரம் சூடாயிருக்கும்போதே பழைய எண்ணெயை முற்றும் வடித்து, பில்டரையும் புதியதாக்கி, கையேட்டிற் கண்ட தடிப்பும் தரமும் உள்ளதை வார்க்க. கசடு மிக்க எந்திரத்தைக் கரைப்பான் ஊற்றி ஒரே நாளில் கழுவ முயல்வது நன்றன்று. பெயர்ந்த கசடு எண்ணெய் செல்லும் நுண்வழியை அடைத்துவிடும். அத்தகைய எந்திரத்தில் முதல் முறை வார்த்த எண்ணெயை வழக்கமான தொலைவிற் பாதியிலேயே மாற்றிவிடுக. எண்ணெய் விரைவிற் கறுத்தால் அஞ்ச வேண்டுவதில்லை. அழுக்கைத் தன்னுள் ஏந்தி நிற்கின்றது என்பதே அதன் பொருள். டிப்ஸ்டிக்கை வாரம் ஒருமுறை இழுத்துப் பார்ப்பது மட்டும் தவறலாகாது. செயற்கை எண்ணெய் ஆயிற்றே என்று கையேட்டின் கெடுவைத் தாண்டி ஓட்டுவோர் உளர். பெட்ரோலும் கரியும் நீரும் அவ்வெண்ணெயிலும் கலந்துகொண்டேயிருக்கும் என்பதை அவர் மறந்தனர்.

மாணவ நண்பர்க்கு ஒரு சொல். நம் மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலனவற்றில் கிளட்ச் எந்திர எண்ணெயிலேயே மூழ்கியிருக்கும். கார்களுக்கென வழுக்குப் பொருள் சேர்த்த எண்ணெயை அவற்றில் வார்த்தால் கிளட்ச் நழுவும். ஜாசோ எம்.ஏ. என்னும் குறி உள்ளதா என்று நோக்கி வாங்குக.

வடித்த பழைய எண்ணெயைக் கரையானுக்கு மருந்தென்று மரத்திற் பூசுவதும், சாக்கடையில் ஊற்றுவதும் நம்மூர்களில் வழக்கமாயுள்ளன. உலோகத் துகளும் புற்றுநோய் விளைக்கும் பொருள்களும் அதில் உள்ளமையால், கையிற் படுவதும் கிணற்று நீரிற் கலப்பதும் தீது. அதனைத் தூய்மை செய்து மீண்டும் மசகெண்ணெயாக்கும் ஆலைகள் நம் நாட்டில் உள. மூடியுள்ள தகரத்தில் அடைத்து, அவற்றிற்குச் சேர்ப்பிக்கும் உரிமம் பெற்றவரிடம் கொடுத்துவிடலாம்.