தலைமாட்டில் துப்பாக்கி: காவலனா, காலனா?

நள்ளிரவு தாண்டி மணி மூன்று. ஊரே அடங்கிக் கிடக்கிறது. குளியலறைப் பக்கம் ஜன்னல் திறக்கிற சத்தம்!

படுக்கையறையில் இருந்தவர் திடுக்கிட்டார். கட்டிலுக்கு அடியில் கையை விட்டார். அங்கே தயாராக இருந்தது 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி. எடுத்துக்கொண்டு இருட்டிலேயே குளியலறைக்குப் போனார். உள்ளே கழிவறைக் கதவு சாத்தியிருந்தது. அதற்குப் பின்னால் ஏதோ சத்தம்.

"டுமீல்! டுமீல்! டுமீல்! டுமீல்!"

நான்கு குண்டுகள் கதவைத் துளைத்தன. கதவை உடைத்துப் பார்த்தால், ரத்த வெள்ளத்தில் கிடந்தது திருடன் அல்ல. அவருடைய காதலி!

2013-ம் ஆண்டு பிப்ரவரி 14-ந் தேதி, காதலர் தினத்தன்று, தென் ஆப்பிரிக்காவில் பிரிட்டோரியா நகரில் நடந்த சம்பவம் இது. சுட்டவர் ஆஸ்கர் பிஸ்டோரியஸ். இரண்டு கால்களும் இல்லாமல், செயற்கைக் கால்களுடன் லண்டன் ஒலிம்பிக்கில் ஓடி உலகத்தையே வியக்க வைத்த வீரர். இறந்தவர் ரீவா ஸ்டீன்காம்ப் என்ற அழகி.

"திருடன் என்று நினைத்துத்தான் சுட்டேன். ரீவா கட்டிலில் படுத்திருப்பதாக நினைத்தேன்" என்று கோர்ட்டில் அழுதார் பிஸ்டோரியஸ். கீழ்க்கோர்ட்டு அதை ஓரளவு ஏற்றுக்கொண்டு 5 வருட தண்டனை கொடுத்தது. மேல்கோர்ட்டு ஏற்கவில்லை. "கதவுக்குப் பின்னால் யார் இருந்தாலும் சரி, அந்தச் சின்ன அறைக்குள் நான்கு முறை சுட்டால் ஆள் பிழைக்க மாட்டான் என்பது தெரிந்திருக்க வேண்டும். இது கொலைதான்" என்ற கருத்தில் 2015-ல் தீர்ப்பு வந்தது. கடைசியில் 2017-ல் தண்டனை 13 ஆண்டு 5 மாதம் ஆனது. 2024 ஜனவரியில் பரோலில் வெளியே வந்தார்.

அந்த வீட்டுக்குக் காவல் இருந்தது. சுற்றுச்சுவர் இருந்தது. லைசென்சு வாங்கிய துப்பாக்கியும் இருந்தது. அன்று இரவு வராத ஒரே ஆள், திருடன்!

"நமக்கும் ஒண்ணு வேணும்!"

எங்கேயோ தென் ஆப்பிரிக்காவில் நடந்தது, நமக்கு என்ன என்று விட்டுவிட முடியாது. நகரில் எங்காவது ஒரு வீட்டில் கொள்ளை என்று செய்தி வந்தால் போதும். மறுநாள் டீக்கடையிலும் மின்சார ரெயிலிலும் இதே பேச்சுத்தான்.

"வீட்ல ஒரு துப்பாக்கி இருந்தா ஒருத்தன் உள்ளே வருவானா சார்?"

நகைக்கடைக்காரர், அடகுக்கடைக்காரர், பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு ராத்திரி வீடு திரும்பும் மொத்த வியாபாரி, ஊருக்கு ஒதுக்குப்புறமாகத் தனி வீடு கட்டியவர்: இவர்கள் பயத்தைக் குறை சொல்ல முடியாது. பயம் நியாயம்தான். அதற்கு மருந்து துப்பாக்கிதானா என்பதுதான் கேள்வி.

லைசென்சு லேசில் கிடைக்குமா?

இந்தியாவில் துப்பாக்கி வைத்துக்கொள்வது உரிமை அல்ல. அரசு கொடுக்கும் அனுமதி. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம்தான் இதற்கு ஆதாரம்.

21 வயது நிரம்பியிருக்க வேண்டும். சென்னையில் போலீஸ் கமிஷனரிடமும், மாவட்டங்களில் கலெக்டரிடமும் மனு கொடுக்க வேண்டும். உள்ளூர் போலீஸ் நிலையத்தில் இருந்து அறிக்கை போகும். ஆள் எப்படி, அடிதடி வழக்கு உண்டா, உண்மையிலேயே ஆபத்து இருக்கிறதா என்று விசாரிப்பார்கள். மனநலம் சரியில்லாதவருக்குக் கிடையாது. பொது அமைதிக்குக் கேடு என்று அதிகாரி நினைத்தால் மறுத்துவிடலாம். மறுத்தால் அப்பீல் செய்யலாம்.

2016-ல் வந்த புதிய விதிகளின்படி துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளும் பயிற்சியும் பெற வேண்டும்.

2019-ல் சட்டம் மேலும் இறுகியது. முன்பு ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம். இப்போது இரண்டுதான். மூன்றாவதை ஒரு வருடத்துக்குள் ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள். லைசென்சு காலம் மட்டும் மூன்று வருடத்தில் இருந்து ஐந்து வருடமாக நீண்டது. கல்யாண ஊர்வலத்தில் ஜாலிக்காக வானத்தைப் பார்த்துச் சுட்டு, அதனால் பிறர் உயிருக்கு ஆபத்து வந்தால் 2 வருடம் ஜெயில், அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்!

விலையும் லேசு அல்ல. பெண்களின் தற்காப்புக்கு என்று 2014-ல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற சின்ன ரிவால்வரைக் கொண்டு வந்தது. எடை அரைக் கிலோதான். விலையோ அப்போதே 1 லட்சத்து 22 ஆயிரம் ரூபாய்! மாதச் சம்பளக்காரப் பெண் எத்தனை பேர் அதை வாங்க முடியும்?

பூட்டினால் ஒரு வம்பு. பூட்டாவிட்டால் பல வம்பு!

சரி, லைசென்சும் கிடைத்தது, துப்பாக்கியும் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எங்கே வைப்பது?

இங்கேதான் சிக்கல்.

குண்டைக் கழற்றி, துப்பாக்கியைப் பீரோவில் பூட்டி, குண்டுகளை வேறு இடத்தில் பூட்டி வைப்பதுதான் பத்திரமான முறை. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குக் கதவு உடைகிற சத்தம் கேட்டால்? சாவியைத் தேடி, பீரோவைத் திறந்து, இன்னொரு பெட்டியைத் திறந்து, நடுங்குகிற விரலால் குண்டு போட்டு... அதற்குள் வந்தவன் வேலையை முடித்துக்கொண்டு தெருமுனையைத் தாண்டியிருப்பான்!

"அப்படின்னா குண்டு போட்டே தலையணைக்கு அடியில வச்சுக்கிட்டா?"

வைக்கலாம். ஆனால் திருடன் வருடத்தில் ஒருநாள் வருவானோ, வாழ்நாளில் ஒருநாள் வருவானோ தெரியாது. வீட்டில் இருக்கிற ஐந்து வயசுப் பையன் தினமும் அந்தத் தலையணையில்தான் குதிக்கிறான். கோபக்காரத் தம்பி அதே வீட்டில்தான் இருக்கிறான். பரீட்சையில் தோற்ற மகள் அடுத்த அறையில்தான் அழுதுகொண்டிருக்கிறாள்.

உங்கள் கைக்குச் சட்டென்று எட்டுகிற துப்பாக்கி, அவர்கள் கைக்கும் எட்டும்!

நடிகர் காலில் பாய்ந்த குண்டு

சின்னப் பிள்ளைகளை விடுங்கள். பெரியவர்களே தப்பவில்லை.

2024 அக்டோபர் 1-ந் தேதி. மும்பை ஜூகு பகுதியில் இந்தி நடிகர் கோவிந்தா விடியற்காலையில் வெளியூர் புறப்பட்டுக்கொண்டிருந்தார். லைசென்சு உள்ள சொந்த ரிவால்வரைப் பீரோவில் வைக்கப் போனார். கை தவறியது. ரிவால்வர் கீழே விழுந்து வெடித்தது. குண்டு அவருடைய இடது காலிலேயே பாய்ந்தது! ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து குண்டை எடுத்தார்கள். நல்லவேளை, உயிருக்கு ஆபத்து இல்லை.

வீட்டில் திருடன் இல்லை. சண்டை இல்லை. பத்திரமாக வைக்கப்போன நேரத்தில் நடந்தது இது!

சென்னைவாசிகளுக்கு வேறொரு சம்பவம் மறக்காது. 1967 ஜனவரி 12-ந் தேதி மாலை, ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். குண்டு கழுத்தில் பாய்ந்தது. அவருடைய குரலே மாறிப்போனது. சுவர் ஏறிக் குதித்து வந்த யாரோ சுடவில்லை. வாசல் வழியாக வந்து, உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த சக நடிகர் எம்.ஆர்.ராதா சுட்டார் என்பதுதான் வழக்கு. தெரிந்த முகம் வந்தால் யாரும் தலையணைக்கு அடியில் கை விடுவதில்லை.

அமெரிக்கா சொல்லும் பாடம்

வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருந்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள அமெரிக்காவைப் பார்த்தால் போதும். அங்கே 100 பேருக்கு 120 துப்பாக்கி என்று 2018-ல் வந்த கணக்கு சொல்கிறது. ஆளைவிடத் துப்பாக்கி அதிகம்!

தலைநகர் வாஷிங்டனில் ஒரு சட்டம் இருந்தது. வீட்டில் வைத்திருக்கும் துப்பாக்கியைக் கழற்றி வைக்க வேண்டும், அல்லது விசையில் பூட்டுப் போட வேண்டும். கைத்துப்பாக்கிக்கு ஏறக்குறைய தடை. "வேலை நேரத்தில் துப்பாக்கி ஏந்திக் காவல் காக்கிற எனக்கு, சொந்த வீட்டைக் காக்க ஒன்று வைத்துக்கொள்ள உரிமை இல்லையா?" என்று ஒரு காவலாளி வழக்குப் போட்டார். 2008-ல் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகளில் 5 பேர் அவர் பக்கம், 4 பேர் எதிர்ப்பக்கம். சட்டம் செல்லாது என்று தீர்ப்பானது.

அந்தக் காவலாளி கேட்டதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. போலீஸ் வந்து சேர்வதற்குள் என்னவும் நடக்கலாம். ஆனால் கணக்கு வேறு கதை சொல்கிறது.

2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48 ஆயிரத்து 830 பேர். இதில் பாதிக்கும் மேல், அதாவது 26 ஆயிரத்து 328 பேர், தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள்!

கலிபோர்னியா மாநிலத்தில் 2 கோடியே 60 லட்சம் பேரைப் பல வருடம் கவனித்து ஒரு ஆய்வு நடந்தது. 2020-ல் முடிவு வெளிவந்தது. கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் தங்களையே சுட்டுக்கொண்டு இறப்பது, இல்லாதவர்களைவிட 8 மடங்கு. பெண்களில் 35 மடங்கு!

2022-ல் இன்னொரு ஆய்வு. தன்னிடம் துப்பாக்கி இல்லை, ஆனால் துப்பாக்கிக்காரரோடு ஒரே வீட்டில் வாழ்கிறார் என்றால்? கணவன் அல்லது துணைவர் கையாலேயே வீட்டுக்குள் சுடப்பட்டு இறக்கும் அபாயம் 7 மடங்கு. அப்படி இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள்.

காரணம் புரியாதது அல்ல. கோபமும் விரக்தியும் அலை மாதிரி. வரும், போகும். அந்த ஐந்து நிமிடத்தில் கைக்கு எது எட்டுகிறது என்பதுதான் வாழ்வையும் சாவையும் முடிவு செய்கிறது. துப்பாக்கி இரண்டாவது வாய்ப்புக் கொடுப்பதில்லை. மனசு உடைந்தவர்களுக்கு 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் பேச ஆள் உண்டு. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், முதலில் துப்பாக்கி அந்த வீட்டை விட்டு வெளியேற வேண்டும்.

குழந்தை கைக்கு எட்டும்படி துப்பாக்கியைப் போட்டு வைத்தால் பெரியவருக்குத் தண்டனை என்று அமெரிக்காவிலேயே முதலில் சட்டம் போட்டது புளோரிடா மாநிலம். ஆண்டு 1989. பிறகு வேறு மாநிலங்களும் அதே வழியில் போயின.

சுட்டுவிட்டுத் தப்ப முடியுமா?

"என் வீட்டுக்குள்ள வந்தான், சுட்டேன். இதுல என்ன தப்பு?"

சட்டம் அப்படி ஒரேயடியாகச் சொல்லவில்லை. தற்காப்பு உரிமை எல்லோருக்கும் உண்டு. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. கொள்ளையடிக்க வந்தவன், இருட்டு நேரத்தில் வீட்டை உடைத்து நுழைந்தவன், வீட்டுக்குத் தீ வைக்கிறவன்: இவர்களைத் தடுக்கும்போது உயிரே போனாலும் அது குற்றம் ஆகாத சந்தர்ப்பங்கள் உண்டு.

ஆனால் கூடவே கடிவாளமும் உண்டு. தேவைக்கு மேல் ஒரு அடிகூட அடிக்கக்கூடாது. போலீசைக் கூப்பிட நேரம் இருந்தால் தற்காப்பு என்று சொல்ல முடியாது. முதுகு காட்டி ஓடுகிறவனைச் சுட்டுவிட்டு, "பயந்துட்டேன் சார்" என்றால் கோர்ட்டு அவ்வளவு லேசில் நம்பாது. மாமரம் ஏறிய பையனைச் சுட்டால் அது தற்காப்பே அல்ல.

இருட்டில், தூக்கக் கலக்கத்தில், இரண்டு விநாடியில் எடுக்கிற முடிவை, கோர்ட்டு வெளிச்சத்தில் வருடக்கணக்கில் அலசும்!

தேர்தல் வந்தால் ஸ்டேஷனுக்கு!

இன்னொரு வேடிக்கை. தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் லைசென்சு துப்பாக்கி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் அதைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். வங்கிக் காவல் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. ஓட்டு எண்ணி முடிந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும்.

அந்த நாட்களில் எல்லாம் அவர்கள் பூட்டையும், பக்கத்து வீட்டுக்காரரையும், ரோந்து போலீசையும் நம்பித்தான் தூங்குகிறார்கள். தூக்கம் வராமல் இல்லை!

அப்படியானால் என்னதான் செய்வது?

கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் பலன் தருவது இவைதான்.

முன்கதவுக்கு இரும்புக் கிரில்லும் நல்ல பூட்டும் போட வேண்டும். வாசலிலும் பின்பக்கத்திலும் விளக்கு எரிய வேண்டும். வசதி இருந்தால் கேமரா, கதவு திறந்தால் அலறுகிற மணி. வெளியூர் போகும்போது போலீஸ் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். நகையை வங்கி லாக்கரில் வைக்க வேண்டும். கடைப்பணத்தைத் தினமும் ஒரே நேரத்தில், ஒரே வழியில் தனியாகத் தூக்கிக்கொண்டு போகக்கூடாது. ராத்திரி சத்தம் கேட்டால், இருக்கிற அறைக் கதவை உள்ளே தாழ்போட்டு, விளக்கைப் போட்டு, 100 அல்லது 112-க்குப் போன் செய்து, கத்தி ஊரைக் கூட்ட வேண்டும்.

திருடன் பயப்படுவது வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும்தான்.

ஏற்கனவே லைசென்சு வாங்கித் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் குண்டைக் கழற்றிப் பூட்டி, சாவியைத் தன்னோடு வைத்துக்கொள்ளட்டும். எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. தீபாவளி பலகாரத்தை எங்கே ஒளித்து வைத்தாலும் கண்டுபிடிக்கிற பிள்ளைகள் அவர்கள்!

கட்டிலுக்கு அடியில் துப்பாக்கி இருப்பதால் பயம் இல்லாமல் தூங்கலாம் என்று நினைத்தவர்தான் பிஸ்டோரியஸ். அன்று இரவு அவர் சுடுவதற்கு முன்னால் கட்டிலில் இன்னொரு பக்கம் கையை நீட்டித் தடவிப் பார்த்திருந்தால் போதும்.

படுக்கை காலியாக இருந்தது தெரிந்திருக்கும்.