மணலில் எழுதிய அறிவு

ஆசிரியரின் அறிவு இருவகைப்படும். நூல்களில் எழுதி வைக்கப்படுவது வெளிப்படை அறிவு. அவருடைய பழக்கத்திலும் பட்டறிவிலும் உறைந்திருப்பது உள்ளுறை அறிவு. உள்ளுறை அறிவை வெளிக்கொணர்ந்து, பதிவு செய்து, பிறருக்கும் பயன்படச் செய்வது அறிவு மேலாண்மையின் முதன்மைப் பணியாகும். இப்பணியின் தேவையைத் தமிழகக் கல்வி வரலாறே உணர்த்துகிறது.

திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினர். சட்டாம்பிள்ளை முதலிய மூத்த மாணவர் இளையோருக்குக் கற்பித்தனர். ஒரே ஆசிரியர் பல நிலை மாணவர்களையும் பேண இவ்வேற்பாடு துணைநின்றது. தென்னிந்தியச் சிறுவர்கள் மணலில் எழுதித் தமக்குள் கற்பித்துக்கொண்டதை இத்தாலியப் பயணி பியத்ரோ தெல்லா வல்லே 1623இலேயே கண்டு எழுதியுள்ளார்.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பாதிரியார் ஆண்ட்ரூ பெல், 1789இல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான இல்லத்தின் கண்காணிப்பாளரானார். உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, அவ்வழக்கத்தை இல்லத்திலும் புகுத்த விரும்பினார். அங்கிருந்த ஆசிரியர் அதற்கு உடன்படவில்லை. எனவே, ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயது மாணவனிடம் அப்பணியை ஒப்படைத்தார். அம்முயற்சி வெற்றி பெற்றது. மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையைப் பள்ளி முழுமைக்கும் விரிவாக்கினார். தாயகம் திரும்பியபின், 1797இல் அதனை நூலாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்னும் பெயரில் அது இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது.

அம்முறையைப் பெல் தம் கண்டுபிடிப்பாகவே கருதினார். எழுதி வைத்ததனால் அவர் பெயரும் சிறுவன் ஃபிரிஸ்கனின் பெயரும் நிலைத்தன. அவர் கண்ட பள்ளியின் ஆசிரியர் பெயரோ வரலாற்றில் இடம்பெறவில்லை. பெயர் மட்டுமன்று, யாரைச் சட்டாம்பிள்ளையாக்குவது, தடுமாறும் பிள்ளையை எவ்வாறு தேற்றுவது என்பன போன்ற நுண்ணறிவும் அவ்வாசிரியரோடு மறைந்தது. வெளியிலிருந்து நோக்குபவர் கண்ணுக்குப் புலப்படுவதையே எழுத இயலும். அதன் காரணத்தை அறிந்தவர் ஆசிரியரே.

ஆகவே, ஆசிரியர் தம் பட்டறிவைத் தாமே பதிவு செய்தல் வேண்டும். இதற்கு ஜப்பானியப் பள்ளிகளின் 'பாட ஆய்வு' தக்க சான்றாகும். அங்கு ஆசிரியர்கள் கூடி ஒரு பாடத்தைத் திட்டமிடுவர். ஒருவர் கற்பிக்க, ஏனையோர் மாணவர் கற்கும் விதத்தை உற்றுநோக்குவர். பின்னர்க் கலந்துரையாடித் திருத்தங்களை எழுதி வைப்பர். இதனால் இளைய ஆசிரியர் பணித்திறன் பெறுகின்றனர். மூத்த ஆசிரியர் ஓய்வு பெற்றாலும் அவர் கண்டறிந்தவை பள்ளியிலேயே தங்குகின்றன. அதன் பயன் அடுத்தடுத்து வரும் மாணவரையும் சென்றடைகிறது.