திரையில் ஒலித்த வெண்கலக் குரல்

நுழையும்முன்

இயலும் இசையும் நாடகமும் ஒருவரிடத்தே நிறைவாகக் கூடுவது அரிது. பாடத் தெரிந்தவர்க்கு நடிப்பு வாய்ப்பதில்லை. நடிப்பில் வல்லவர்க்குத் தமிழைத் திருத்தமாக ஒலிக்கும் நா அமைவதில்லை. இம்மூன்றும் ஒருங்கே வாய்க்கப்பெற்று, நாடக மேடை, இசைத்தட்டு, திரைப்படம் என்னும் மூன்று களங்களிலும் தனித்து நின்றவர் கே. பி. சுந்தராம்பாள். தன் வாழ்வில் நேர்ந்த பேரிழப்பிற்குப் பின் அவர் மேற்கொண்ட உறுதி, அவருடைய கலைப்பயணத்தை எவ்வாறு மாற்றியது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

காவிரிக் கரையில்

காவிரிக் கரையில் அமைந்த கொடுமுடி, தேவார மூவராலும் பாடப்பெற்ற தலம். இன்று ஈரோடு மாவட்டத்தில் உள்ள அவ்வூரில் 1908ஆம் ஆண்டு சுந்தராம்பாள் பிறந்தார். அவர் பெயரின் முன் நிற்கும் ‘கே’ என்னும் எழுத்து கொடுமுடியையும், ‘பி’ என்னும் எழுத்து அவர்தம் தாயார் பாலாம்பாளையும் குறிக்கும். தாயின் பெயரையே தலைப்பெழுத்தாகக் கொண்டு அவர் உலகறியப்பட்டார்.

இளமை வறுமையில் கழிந்தது. முறையாகக் கல்வி பயிலவோ, குருகுலத்தில் தங்கி இசை கற்கவோ வாய்ப்பில்லாத குடும்பம் அது. ஓடும் தொடர்வண்டியில் பாடிய சிறுமியின் குரலைக் கேட்டு வியந்தோர் அவரை நாடகத்துறைக்கு ஆற்றுப்படுத்தினர் என்பது, அவர் வரலாற்றில் வழிவழியாகச் சொல்லப்பட்டுவரும் செய்தி. நல்லதங்காள் நாடகத்தில் பசியால் வாடும் சிறுவனாக நடித்தது அவருடைய தொடக்ககால வேடங்களுள் ஒன்று. பசியை அறிந்த குழந்தை பசியைப் பாடியபோது, அரங்கிலிருந்தோர் நெஞ்சம் உருகியதில் வியப்பில்லை.

ஒலிபெருக்கி இல்லாத மேடை

சுந்தராம்பாளின் குரலை அறிய, அது உருவான மேடையை முதலில் அறிதல் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் நாடகம் பெரிதும் பாடல்களால் ஆனது. சங்கரதாச சுவாமிகள் இயற்றிய வள்ளி திருமணம், கோவலன் முதலிய நாடகங்கள் ஊர்தோறும் விடிய விடிய நடைபெற்றன. மேடையின் ஓரத்தில் ஆர்மோனியக் கலைஞரும் மிருதங்கக் கலைஞரும் அமர்ந்திருப்பர். ஒலிபெருக்கி புழக்கத்திற்கு வராத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசையில், தரையில் அமர்ந்திருப்பவர் காதிலும் பாட்டின் ஒவ்வொரு சொல்லும் விழுதல் வேண்டும். விழாவிடின், அவர் எழுந்து கூச்சலிடத் தயங்கமாட்டார்.

எனவே நாடகக் கலைஞர் உயர்ந்த சுருதியில் பாடினர். உரத்துப் பாடுவது மட்டும் போதாது. உரத்துப் பாடும்போதும் சுருதி விலகலாகாது, சொல் சிதையலாகாது. நாடகத்தில் மிகுதியாகப் பாடப்பட்ட விருத்தம் இத்திறனைச் சோதிக்கும் உரைகல். விருத்தம் பாடுகையில் தாளத்தின் துணை இல்லை. பாடுபவர் ஓர் இராகத்தை விரித்துக்கொண்டே, செய்யுளின் சீர்களைப் பொருள் விளங்கப் பிரித்து உரைக்க வேண்டும். இராகத்தில் கவனம் மிகுந்தால் சொல் மறையும். சொல்லில் கவனம் மிகுந்தால் இசை வறளும். இரண்டையும் சமன்செய்யும் ஆற்றல் சுந்தராம்பாளுக்கு இயல்பாய் அமைந்திருந்தது. கணீரென ஒலித்த அவர் குரலை ‘வெண்கலக் குரல்’ என்று மக்கள் போற்றினர். கருநாடக இசையின் நுட்பமான அசைவுகளையும் விரைந்து உருளும் பிருகாக்களையும் மேடையிலேயே கேட்டுக் கற்று, அவற்றை எளிய மக்களின் காதுகளுக்கு அவர் கொண்டுசேர்த்தார். வகுப்பறை காணாத அவருக்கு மேடையே பள்ளியாயிற்று.

இணைந்த குரலும் இழந்த துணையும்

அக்காலத் தமிழ் நாடகக் குழுக்கள் இலங்கைக்கும் சென்று நாடகம் நிகழ்த்தின. கொழும்பு மேடைகளில் சுந்தராம்பாள் புகழ்பெற்று விளங்கினார். அங்குதான் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவுடன் இணைந்து நடிக்கும் வாய்ப்பு அவருக்கு அமைந்தது. கிட்டப்பாவும் உச்ச சுருதியில் எளிதாகச் சஞ்சரிக்கும் குரல்வளம் பெற்றவர். வள்ளி திருமணத்தில் கிட்டப்பா முருகனாகவும் சுந்தராம்பாள் வள்ளியாகவும் தோன்றி, பாட்டுக்குப் பாட்டு விடை பகர்ந்தபோது, இசைப்போட்டி ஒன்றைக் காண்பதுபோல் மக்கள் திரண்டனர்.

மேடையில் இணைந்தவர்கள் வாழ்விலும் இணைந்தனர். கிட்டப்பா முன்னரே மணமானவர். இத்திருமண வாழ்வு மகிழ்ச்சியும் பிரிவும் கலந்ததாகவே அமைந்தது. 1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் கிட்டப்பா காலமானார். அப்போது அவருக்கு வயது 27. சுந்தராம்பாளுக்கு வயது 25.

அன்றுமுதல் சுந்தராம்பாள் அணிகலன்களைத் துறந்தார். வெண்ணிறக் கதராடை உடுத்தினார். எந்த ஆண் நடிகருக்கும் இணையாக நடிப்பதில்லை என்று உறுதிபூண்டார். கணவனை இழந்த பெண் அணிகளைக் களைதல் அன்றைய சமூகம் அவள்மீது சுமத்திய வழக்கம். அச்சமூகமே அவள் வீட்டிற்குள் ஒடுங்கவேண்டும் என்றும் எதிர்பார்த்தது. சுந்தராம்பாளும் சிலகாலம் மேடையை விட்டு விலகியே இருந்தார். ஆயினும் தேசிய இயக்கத் தலைவர் சத்தியமூர்த்தி முதலியோரின் வேண்டுகோளை ஏற்று, மீண்டும் பொதுவாழ்வுக்கு வந்தார். காங்கிரசு மேடைகளில் அவருடைய பாடல்கள் ஒலித்தன. வெள்ளாடையைத் துறவுக்கோலமாக அவர் ஏற்றார். குரலை மட்டும் துறக்கவில்லை.

ஆண் வேடத்தில் முதற்படம்

தமிழின் முதற் பேசும்படமான காளிதாஸ் 1931ஆம் ஆண்டு வெளிவந்தது. பின்னணிப் பாடகர் ஒருவர் பாட, நடிகர் வாயசைக்கும் முறை அப்போது தோன்றவில்லை. ஒளிப்பதிவுக் கருவியின் முன் நிற்பவரே பாட வேண்டும். நடிப்பும் பாட்டும் ஒரே நேரத்தில் பதிவாகும். ஆகையால் திரைப்பட முதலாளிகள் பாடத் தெரிந்தவர்களையே நாடிச் சென்றனர். மகாராஜபுரம் விசுவநாத ஐயர், முசிரி சுப்பிரமணிய ஐயர், தண்டபாணி தேசிகர், ஜி. என். பாலசுப்பிரமணியம், எம். எஸ். சுப்புலட்சுமி முதலிய இசைவாணர்கள் திரையில் தோன்றியமைக்கு இதுவே முதன்மையான காரணம்.

சுந்தராம்பாளையும் திரையுலகம் அழைத்தது. ஆனால் காதல் இணையராக நடிக்க மறுக்கும் இளம்பெண் ஒருவருக்குத் திரையில் என்ன வேடம் தர இயலும்? இவ்வினாவிற்கு விடையாக அமைந்தது, 1935இல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’. மாணிக்லால் டாண்டன் இயக்கிய அப்படத்தில் சுந்தராம்பாள் நந்தனாராகவே நடித்தார். மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராக நடித்தார். திரைப்பட எண்ணமே இல்லாதிருந்த அவர், தம்மைத் தேடி வந்தவரைத் தவிர்க்கும்பொருட்டு ஓர் இலட்சம் ரூபாய் ஊதியம் கேட்டதாகவும், அதற்கும் அவர் இசைந்ததாகவும் கூறுவர். அன்றைய நிலையில் அது நாடே வியந்து பேசிய தொகை.

படம் எதிர்பார்த்த வெற்றியைப் பெறவில்லை. இதழ்களில் கடுமையான விமரிசனங்களும் எழுந்தன. ஆயினும் தீண்டாமையால் கோயில் வாயில் மறுக்கப்பட்ட அடியார் ஒருவரின் ஏக்கத்தை, ஒரு பெண்ணின் குரல் திரையில் வெளிப்படுத்தியது குறிப்பிடத்தக்கது. மேடையில் பசித்த சிறுவனாகத் தொடங்கியவர், திரையிலும் ஆண் வேடத்திலேயே அடியெடுத்து வைத்தார்.

காப்பியங்கள் காட்டிய வழி

நந்தனாருக்குப் பின் சுந்தராம்பாள் ஏற்ற வேடங்களை வரிசைப்படுத்தினால் ஓர் ஒற்றுமை புலப்படும். 1940இல் வெளிவந்த ‘மணிமேகலை’யில் அவர் ஏற்றது, இளமையிலேயே துறவு பூண்டு, அமுதசுரபியால் பசிப்பிணி போக்கிய காப்பியத் தலைவியின் வேடம். 1953இல் ஜெமினி நிறுவனத்தின் சார்பில் எஸ். எஸ். வாசன் தயாரிக்க, கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய ‘ஔவையார்’ அவருக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தது. மணவாழ்வை விரும்பாத இளநங்கை ஒருத்தி, தன் இளமையை நீக்கி முதுமை தருமாறு இறைவனை வேண்டிப் பெறுவதாக அப்படம் ஔவையின் கதையைக் கூறுகிறது. இருபத்தைந்தாம் வயதில் இளமையின் அணிகளைத் தாமே களைந்தவர், நாற்பத்தைந்தாம் வயதில் அவ்வேடத்தை ஏற்றார். ஊர் ஊராய் நடந்து, அரசவையிலும் குடிசையிலும் ஒரே குரலில் அறம் பாடும் மூதாட்டியைத் தமிழ் மக்கள் அவர் உருவிலேயே கண்டனர்.

1964இல் வெளிவந்த ‘பூம்புகார்’ படத்திற்குத் திரைக்கதை, உரையாடல் எழுதியவர் மு. கருணாநிதி. அதில் கோவலனுக்கும் கண்ணகிக்கும் வழித்துணையாக மதுரைக்குச் செல்லும் கவுந்தியடிகளாகச் சுந்தராம்பாள் நடித்தார். முருகனிடத்து ஆழ்ந்த பற்றுடைய அவர் சமணத் துறவியாக நடித்ததும், பகுத்தறிவு இயக்கத்தைச் சேர்ந்தவர் எழுதிய படத்தில் பங்கேற்றதும் அன்று பேசப்பட்டன. தம் நம்பிக்கைக்கு ஒவ்வாத பாடல்வரி ஒன்றைப் பாட அவர் தயங்க, அவ்வரி மாற்றப்பட்டது என்பது திரையுலகில் பலரும் நினைவுகூரும் செய்தி. கருத்தால் வேறுபட்டோர் கலையால் ஒன்றுபட்டமைக்கும், ஒருவர் உள்ளத்தை மற்றவர் மதித்தமைக்கும் அது சான்றாகும்.

அடுத்த ஆண்டு ஏ. பி. நாகராசன் இயக்கிய ‘திருவிளையாடல்’ படத்தில் மீண்டும் ஔவையாகத் தோன்றினார். சினந்து சென்ற முருகனைத் தணிவிக்க அவர் பாடும் பாடல்கள் இன்றும் கோயில் விழாக்களில் ஒலிக்கின்றன. மகாகவி காளிதாஸ், கந்தன் கருணை, துணைவன் ஆகிய படங்கள் தொடர்ந்தன. 1973இல் வெளிவந்த ‘காரைக்கால் அம்மையார்’ படத்தில், அழகிய உடலை நீக்கிப் பேயுருவை வேண்டிப் பெற்ற அம்மையாரின் முதிய கோலத்தில் நடித்தார்.

நந்தனார், மணிமேகலை, ஔவையார், கவுந்தியடிகள், காரைக்கால் அம்மையார் ஆகியோருள் எவரும் பிறர்க்கு இணையாகக் கதையில் இடம்பெறுபவர் அல்லர். தம் அறத்தாலும் அன்பாலும் தனித்து நிற்போர். காதலன் காதலி கதைகளையே பெரிதும் நம்பிய திரையுலகில், சுந்தராம்பாளின் உறுதி அவருக்குரிய வாயிலை அடைத்திருக்க வேண்டும். ஆனால் மனைவி, காதலி என்னும் நிலைகளைக் கடந்த பெண்களைத் தமிழ் இலக்கியம் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே படைத்து வைத்திருந்தது. திரைக்கதை தரத் தயங்கிய இடத்தை அவருக்குக் காப்பியமும் பக்தி இலக்கியமும் தந்தன.

பின்னணிப் பாடல் முறை வேரூன்றிய பின், நடிப்பவர் ஒருவர், பாடுபவர் வேறொருவர் என்றாயிற்று. இசைவாணர் பலர் கச்சேரி மேடைக்கே திரும்பினர். 1970களிலும் தம் பாட்டைத் தாமே பாடி நடித்த மிகச் சிலருள் சுந்தராம்பாள் ஒருவர். அவர் குரலுக்கு வேறொருவர் வாயசைப்பதையும், அவர் முகத்திற்கு வேறொருவர் குரல் தருவதையும் தமிழ் மக்களால் எண்ணிப் பார்க்கவும் இயலவில்லை.

தெரிந்து தெளிவோம்

• 1951ஆம் ஆண்டு சுந்தராம்பாள் சென்னை மாகாணச் சட்ட மேலவை உறுப்பினரானார். இந்தியத் திரைக்கலைஞர்களுள் சட்டமன்ற அவைக்குச் சென்ற முதல்வராக அவர் குறிப்பிடப்படுகிறார்.

• சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதை 1968ஆம் ஆண்டிற்குப் பி. சுசீலாவும், 1969ஆம் ஆண்டிற்குத் ‘துணைவன்’ படப் பாடலுக்காகச் சுந்தராம்பாளும் பெற்றனர். அவ்விருதின் முதல் இரண்டு ஆண்டுகளிலும் தமிழ்ப் படங்களே சிறப்புப் பெற்றன.

• 1970ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

நிறைவாக

சுந்தராம்பாள் 1980ஆம் ஆண்டு மறைந்தார். அவர் நடித்த படங்கள் எண்ணிக்கையில் மிகச் சிலவே. ஆயினும் ஔவை என்றதும் தமிழர் மனக்கண்ணில் தோன்றும் உருவம், நரைத்த தலையும் நீறணிந்த நெற்றியும் கையில் கோலுமாக அவர் தந்த உருவமே. சங்கப் புலவர் ஔவையும், பின்னாளில் நீதிநூல் பாடிய ஔவையும் வேறு வேறு காலத்தவர் என்று ஆய்வாளர் பகுத்துரைப்பர். மக்கள் மனத்திலோ அவ்விருவரும் ஒரே குரலில் பேசுகின்றனர். அக்குரல் கொடுமுடியில் பிறந்தது.

தொடர்வண்டியில் பாடிய சிறுமிக்கு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை. கடைசி வரிசையில் இருப்பவரை மறவாமல் பாடக் கற்றுக்கொண்டவர் அவர். தனக்கு வந்த துயரால் ஒடுங்கிவிடாமல், ஏற்ற உறுதியையும் கைவிடாமல், இரண்டிற்கும் இடையே தமக்கென ஒரு பாதையை அமைத்துக்கொண்டதே அவர் வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடமாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள முதியோரிடம், அவர்கள் கண்ட நாடகங்களையும் அவற்றில் பாடப்பட்ட பாடல்களையும் கேட்டறிந்து குறிப்பெழுதுக.

2. நீங்கள் படித்த செய்யுள் ஒன்றை, ஒலிபெருக்கியின்றி வகுப்பின் கடைசி வரிசையில் உள்ளோர்க்கும் பொருள் விளங்குமாறு இசையோடு பாடிக் காட்டுக.

3. மணிமேகலை, கவுந்தியடிகள், ஔவையார் ஆகிய மூவரின் வாழ்விலும் காணப்படும் பொதுப்பண்புகளை வகுப்பில் கலந்துரையாடுக.